திருகோணமலையில் ஊர்ப் பிரச்சினையை அரச அலுவலகத்துக்குக் கொண்டுபோவது எப்படி: கடிதத்திலிருந்து மேன்முறையீடு வரை

வடிகான் அடைத்து வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கிறது. தெருவிளக்கு மாதக்கணக்கில் எரிவதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒழுங்கை குன்றும் குழியுமாகக் கிடக்கிறது. "யாராவது செய்வார்கள்" என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இப்படியான ஒரு விடயத்தை முதல் தடவையாகக் கையில் எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கை வடிகானுக்காக நான் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது. கொடுத்த கடிதம் "இங்கே வரவில்லையே" என்று ஆனது. முகநூலில் போட்ட படத்துக்கு நூற்றுக்கணக்கில் விருப்பக்குறி விழுந்தும் ஒரு மண்வெட்டி மண்கூட எடுபடவில்லை. கடைசியில் வேலை நகர்ந்தது, திகதி முத்திரை குத்திய ஒரு கடிதமும் அதைத் தொடர்ந்து போட்ட ஒரு தகவல் விண்ணப்பமும் அலுவலகக் கோவைக்குள் (பைலுக்குள்) போனபிறகுதான். இந்த வழியை முன்கூட்டியே யாராவது சொல்லித் தந்திருந்தால் எங்களுக்கு ஒரு மாரிகாலம் மிச்சமாகியிருக்கும்.

1. வேலை யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

அலைச்சலில் பாதி இங்கேதான். தவறான கந்தோரில் கொடுத்த கடிதம் அங்கேயே தூங்கும்.

நகர எல்லைக்குள் குப்பை, சிறிய வடிகான், ஒழுங்கை, தெருவிளக்கு எல்லாம் திருகோணமலை மாநகர சபையின் பொறுப்பு. நகரத்தை ஒட்டிய பகுதிகள் திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்குள் வரும். இந்த எல்லை பலருக்குக் குழப்பம். பக்கத்துப் பக்கத்து ஒழுங்கைகளே வேறு வேறு சபைகளில் இருக்கலாம். அப்புறம் குச்சவெளி, மூதூர், வெருகல், தம்பலகாமம், கந்தளாய், சேருவில என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரதேச சபை உண்டு. கிண்ணியாவில் நகர சபையும் இருக்கிறது, பிரதேச சபையும் இருக்கிறது. உங்கள் வீட்டு ஆதன வரிச் சீட்டைப் பாருங்கள். எந்தச் சபைக்குப் பணம் கட்டுகிறீர்களோ அதுதான் உங்கள் சபை. சீட்டு இல்லாவிட்டால் கிராம அலுவலரிடம் கேளுங்கள். ஊரில் விதானையார் என்று இன்னும் சொல்கிறோமே, அவர்தான்.

வீதி என்றால் அதன் தரத்தைப் பாருங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். ஹபறணைப் பக்கமிருந்து கந்தளாய் வழியாக வரும் ஏ6, ஹொரவப்பொத்தானைப் பக்கமிருந்து வரும் ஏ12, கிண்ணியா, மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 எல்லாம் அந்த வகை. சி, டி தர வீதிகளை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. மிச்சமுள்ள உள்வீதிகளும் ஒழுங்கைகளும் சபைக்கு. பெரிய வீதியோரத்து வடிகானுக்கு மாநகர சபையில் போய்ச் சண்டை பிடித்து என்ன பலன்?

குழாய்த் தண்ணீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்குரியது. நுளம்பு, டெங்கு, சுகாதாரக்கேடு என்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. அரச காணி பிரதேச செயலகம். வயல், வாய்க்கால் என்றால் கமநல சேவை நிலையத்தில் தொடங்குங்கள். தெருவிளக்கில் ஒரு சிக்கல்: கம்பம் மின்சார சபையுடையது, விளக்கைப் போடுவதும் மாற்றுவதும் உள்ளூராட்சி சபை. மின்சார சபைக்கு எழுதினால் சபையைக் காட்டுவார்கள், அது சரியும்கூட.

இன்னொரு பொறி: மாவட்டச் செயலகம், அதாவது கச்சேரி, மத்திய அரசின் அலுவலகம். அது நகரத்துக்குள்ளே உட்துறைமுக வீதியில் இருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் தலைமை அலுவலகங்களும் திருகோணமலையில்தான், பிரதம செயலாளர் செயலகம் வரோதயநகர்ப் பக்கம். "மாவட்டம்", "மாகாணம்" இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போய்விடும். வெருகலில் இருந்தும் புல்மோட்டையில் இருந்தும் வருகிறவர்களுக்கு அது சின்ன இழப்பல்ல. சந்தேகம் இருந்தால் புறப்படுவதற்கு முன் 1919 அரச தகவல் நிலையத்துக்கு ஒரு அழைப்பு எடுங்கள்.

2. தனியாகப் போகாதீர்கள்

ஒரு வீட்டின் முறைப்பாடு தனிப்பட்ட விடயமாகப் பார்க்கப்படும். பதினைந்து இருபது வீடுகள் சேர்ந்தால் அது ஊர்ப் பிரச்சினை. கூட்டுவதற்கு இங்கே ஏற்கெனவே இடங்கள் இருக்கின்றன: சபையில் பதிந்த சனசமூக நிலையம், பிரதேச செயலகத்துக் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரின் கீழ் வரும் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கரையோரம் என்றால் கடற்றொழிலாளர் சங்கம், கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகம். புதிதாக ஒன்றைத் தொடங்காதீர்கள். பதிவு, யாப்பு, வங்கிக் கணக்கு என்று மாதங்கள் ஓடிவிடும். இருக்கிற சங்கத்தில் உறுப்பினராகி, அடுத்த கூட்டத்தில் விடயத்தைச் சொல்லி, அறிக்கைப் புத்தகத்தில் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தீர்மானத்தின் பிரதி பின்னால் எல்லா இடத்திலும் உதவும்.

யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தன் வாசலைத் தொடுகிற விடயத்துக்குத்தான் பெரும்பாலும் ஆட்கள் முதலில் வருகிறார்கள். வந்தவர்கள் தொடர்ந்து நிற்பது ஒரு சின்னப் பலனையாவது கண்ணால் கண்டால்தான். சபையிலிருந்து வந்த ஒரு பதில் கடிதம்கூட அதற்குப் போதும். வராதவர்களை அக்கறை இல்லாதவர்கள் என்று எண்ணக்கூடாது. நாட்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு முற்பகல் கந்தோரில் நிற்பது அன்றைய அடுப்புக் கணக்கு. பெயரை எழுதிக் கொடுத்தால் பின்னால் யாராவது வந்து விசாரிப்பார்களோ என்ற பயம் எங்கள் மாவட்டத்தில் காரணமில்லாமல் வந்ததல்ல. அப்படியானவர்களைக் கையொப்பம் கேட்டு நெருக்காதீர்கள். படம் எடுத்துத் தரலாம், தண்ணீர் நின்ற நாட்களைக் குறித்து வைக்கலாம், கூட்டத்துக்கு இடம் தரலாம். அதுவும் பங்குதான்.

எங்கள் ஊரில் ஒரு ஒழுங்கையில் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் சேர்ந்து இருப்பது சாதாரணம். மூன்று சமூகத்தாரின் கையொப்பமும் கடிதத்தில் இருக்கட்டும். தண்ணீர் எல்லார் வாசலிலும்தானே நிற்கிறது. அப்படிப்பட்ட கடிதத்தை "இன்னாருடைய ஆட்கள்" என்று யாரும் ஒதுக்க முடியாது. அதேபோல, கட்சிக்காரர் யாராவது பொறுப்பெடுத்துக்கொள்கிறேன் என்று வந்தால் நன்றி சொல்லுங்கள், கடிதத்தின் மூலப்பிரதியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இந்த முகவரியில் இருக்கிறதா என்பதையும் இந்தச் சாக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுப் பார்க்கலாம். வேறு ஊரிலிருந்து வந்து குடியேறியவர்கள் இதைத் தள்ளிப்போட்டே வருகிறார்கள்.

3. முதல் கடிதம்

தேவையானவை: ஒரு பக்கக் கடிதம், கையொப்பத் தாள், திகதியோடு எடுத்த மூன்று நான்கு படங்கள், சங்கத் தீர்மானத்தின் பிரதி. எல்லாவற்றிலும் இரண்டு செட். கையெழுத்தில் தெளிவாக எழுதினாலே போதும், தட்டச்சுச் செய்யத்தான் வேண்டும் என்றில்லை.

கடிதத்தில் கதை வேண்டாம். எந்த இடம் (வீதிப் பெயர், கிராம அலுவலர் பிரிவு, அருகிலுள்ள அடையாளம்), என்ன பிரச்சினை, எப்போதிருந்து, எத்தனை வீடுகளுக்குப் பாதிப்பு, என்ன செய்யச் சொல்கிறீர்கள். "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. அதற்குப் பதிலாக "தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்பி இடத்தைப் பார்வையிட்டு மதிப்பீடு தயாரிக்கவும்" என்று எழுதுங்கள். சபையில் ஒரு வேலை நகர்வதற்கு முதல் படி அந்த மதிப்பீடு, அதாவது வேலையின் அளவையும் செலவையும் கணக்கிட்ட தாள்தான்.

பிரதேச சபைக்கு என்றால் செயலாளருக்கு முகவரியிட்டு, தவிசாளருக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் பிரதி. மாநகர சபைக்கு என்றால் ஆணையாளருக்கு, மாநகர முதல்வருக்குப் பிரதி. நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்" என்பார்கள். அன்பாகச் சிரித்துக்கொண்டே முத்திரைக்காக நில்லுங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால். பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியின் பின்னால் ஒட்டிவையுங்கள்.

கொடுத்து இரண்டு மூன்று வாரம் கழித்துப் போய் அல்லது தொலைபேசியில் கோவை இலக்கத்தைக் கேளுங்கள். "கடிதம் என்ன ஆனது" என்று கேட்டால் "பரிசீலனையில்" என்பார்கள். கோவை இலக்கத்தைக் கேட்டால் யாராவது எழுந்து தேடவேண்டி வரும்.

4. தகவல் விண்ணப்பம்: இதுதான் உண்மையான சாவி

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசியலமைப்பின் 14அ உறுப்புரையிலும் இந்த உரிமை இருக்கிறது. அரச அலுவலகங்களுக்கு மட்டுமல்ல, மாகாண சபைக்கும் உள்ளூராட்சி சபைகளுக்கும் இது பொருந்தும். முறைப்பாட்டுக்குப் பதில் தராமல் இருக்கலாம். தகவல் விண்ணப்பத்துக்கு அப்படி இருந்துவிட முடியாது, சட்டத்திலேயே காலக்கெடு இருக்கிறது.

யார் கேட்கலாம்: இலங்கைப் பிரசை எவரும். முக்கால்வாசிப் பேருக்குக் குறையாமல் பிரசைகளாக உள்ள சங்கமும் கேட்கலாம், அது பதிவு செய்யப்படாத அமைப்பாக இருந்தாலும் சரி. இது நமக்குப் பெரிய வசதி. தமிழ்நாட்டிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில், அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இன்னும் பிரசாவுரிமைப் பதிவு முடியாமல் இருக்கும். அவர்களுடைய பிரச்சினையைச் சங்கத்தின் பெயரில் கேட்கலாம். தன் பெயரில் கேட்கத் தயங்குகிறவர்களுக்கும் இதே வழிதான்.

எப்படிக் கேட்பது: ஆர்.டி.ஐ. (தகவலுக்கான உரிமை) 01 என்ற படிவம் இருக்கிறது, ஆனால் அதுதான் வேண்டும் என்ற கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதிய கடிதம், மின்னஞ்சல் எல்லாம் ஏற்கத்தக்கவை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். தமிழில் தாராளமாகக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. "எதுக்கு இது?" என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி வந்தால், சட்டத்தில் காரணம் கேட்கப்படவில்லை என்று அமைதியாகச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம்.

யாருக்கு முகவரியிடுவது: அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு. பெயர் அறிவிப்புப் பலகையிலோ இணையத்தளத்திலோ இருக்க வேண்டும். யாரையும் நியமிக்கவில்லை என்றால் நிறுவனத் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். ஆகவே "ஆள் இல்லை" என்பது காரணமாகாது.

என்ன கேட்பது என்பதில்தான் பலருடைய விண்ணப்பம் வீணாகிறது. "எங்கள் வடிகானை ஏன் இன்னும் செய்யவில்லை?" என்று கேட்டால் "நிதி கிடைத்ததும் செய்யப்படும்" என்று ஒரு வரி வரும். ஏன் என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். நாங்கள் எழுதியதை ஒட்டி ஒரு மாதிரி:

"அ) மேற்படி ஒழுங்கை தொடர்பாக இன்ன திகதியில் கையளித்த கடிதத்தின் கோவை இலக்கமும், அக்கடிதத்தின் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதியும்.
ஆ) இவ்வொழுங்கையின் வடிகானுக்குத் தயாரிக்கப்பட்ட மதிப்பீட்டின் பிரதி. தயாரிக்கப்படவில்லையெனில் அவ்வாறு எழுத்தில்.
இ) கடந்த மூன்று ஆண்டுகளில் இவ்வட்டாரத்தில் வடிகான் வேலைகளுக்கு ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை, வேலை நடந்த இடங்களின் பட்டியல்.
ஈ) நடப்பாண்டுக்கான முன்னுரிமைப் பட்டியலின் பிரதி."

ஒவ்வொரு கேள்வியும் ஒரு தாளைச் சுட்ட வேண்டும். நான்கு ஐந்து கேள்விக்கு மேல் போகாதீர்கள். கூடக் கேட்டால் தேடிச் சேர்க்க நேரம் வேண்டும் என்று தவணை நீளும். காலத்தையும் குறிப்பிடுங்கள். சட்டம் வரும்போதே இருந்த பதிவேடுகளை அன்றிலிருந்து குறைந்தது 10 வருடமும், அதற்குப் பின் உருவான பதிவேடுகளை 12 வருடமும் அவர்கள் பேணிவைக்க வேண்டும். "பழைய கோவை அழிந்துவிட்டது" என்ற பதிலை அப்படியே ஏற்காதீர்கள்.

செலவு: விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 2017 இல் வர்த்தமானியில் வந்த விதிகளின்படி முதல் 4 பக்கம் இலவசம். அதற்குமேல் ஏ4 அளவு போட்டோக்கொப்பி ஒரு பக்கம் 2 ரூபா, இரண்டு பக்கமும் என்றால் 4 ரூபா. மின்னஞ்சலில் வாங்கினால் செலவில்லை. ஆவணத்தையோ வேலைத்தளத்தையோ நேரில் பார்வையிட முதல் ஒரு மணித்தியாலம் இலவசம், அதன்பின் மணிக்கு 50 ரூபா. அந்த நிறுவனத்துக்கென்று ஏற்கெனவே கட்டணச் சுற்றறிக்கை இருந்தால் தொகை மாறலாம். எதுவானாலும் பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

காலம்: விண்ணப்பத்தைக் கொடுத்த உடனே எழுத்தில் ஏற்புறுதி (கிடைத்தது என்ற சீட்டு) தரவேண்டும், அது ஆர்.டி.ஐ. 02. தருவதா மறுப்பதா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள். தருவதாக முடிவானால், கட்டணம் இருந்தால் கட்டியபின், 14 நாட்களுக்குள் தகவல் கையில் வரவேண்டும். தகவல் மிக அதிகம் அல்லது வேறு ஊரில் இருக்கிறது என்றால் 21 நாள்வரை நீட்டலாம், அதையும் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலம். வேலை நாள் என்பதில் சனி, ஞாயிறு, போயா, பொது விடுமுறைகள் சேராது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிக் கொடுத்தால் கணக்கு இழுபடும், கலண்டரில் எண்ணிக் குறித்துவையுங்கள்.

எங்கள் விடயத்தில் விண்ணப்பம் போனபிறகுதான் மதிப்பீடு இல்லவே இல்லை என்பது வெளிவந்தது. அதுவரை "மேலிடத்துக்கு அனுப்பியாச்சு" என்றுதான் பதில். இல்லாத ஒன்றை எழுத்தில் "இல்லை" என்று எழுதவேண்டி வந்ததும், அடுத்த சில நாட்களில் அளவு நாடாவோடு ஆள் வந்தார்.

5. பதில் வராவிட்டால், அல்லது மறுத்தால்

மறுப்பதென்றால் சட்டத்தின் 5 ஆம் பிரிவில் எந்தக் காரணம் என்று குறிப்பிட்டு எழுத்தில் தரவேண்டும். தனிநபர் அந்தரங்கம், தேசிய பாதுகாப்பு, வர்த்தக இரகசியம் போன்றவை அங்கே இருக்கின்றன. ஆனால் பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் தகவலைத் தரவேண்டும் என்பதும் அதே பிரிவில்தான். ஒழுங்கை வடிகானின் மதிப்பீட்டில் எந்தத் தேசிய பாதுகாப்பும் இல்லை.

முதல் மேன்முறையீடு அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டைப் பார்க்க நியமிக்கப்பட்டவர்), ஆர்.டி.ஐ. 10 படிவத்தில், 14 நாட்களுக்குள். இந்தத் தவணையைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். மூன்று வாரத்துக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

அதுவும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதத்துக்குள். கொழும்புக்குப் போகத் தேவையில்லை, பதிவுத் தபால் போதும். முதல் விண்ணப்பம், ஏற்புறுதி, பதில், முதல் மேன்முறையீடு என்று வரிசையாகப் பிரதிகளை இணைத்து, மேலே ஒரு பக்கத்தில் திகதிப் பட்டியல் போடுங்கள். தகவலை மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கே, உங்களுக்கல்ல. வேண்டுமென்றே தடுத்தால் 50,000 ரூபாவரை தண்டமோ இரண்டு வருடத்துக்கு மேற்படாத சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்தத் தேவையில்லை. பெரும்பாலான விடயம் முதல் மேன்முறையீட்டோடே முடிந்துவிடும் என்பது என் எண்ணம். தங்களுக்கு மேலுள்ளவர் பார்வைக்குக் கோவை போவதை யாரும் விரும்புவதில்லை.

6. முகநூலும் வாட்ஸ்அப்பும்: முத்திரை விழுந்தபிறகு

இணையத்தில் எழுதுவது வீண் என்று நான் சொல்லமாட்டேன். வெளிநாட்டில் இருக்கிற ஊரவர்கள், வேலைக்காகக் கொழும்பில் தங்கியிருப்பவர்கள், வீட்டைவிட்டு இறங்க முடியாத முதியவர்கள் எல்லாம் சேருவதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை. பின்னேரக் கூட்டத்துக்கு வர முடியாத இளம் தாய்மார் இரவு பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு வாட்ஸ்அப்பில் சொல்கிற யோசனைகள், கூட்டத்தில் வருகிறதைவிட நல்லதாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பதிவுக்குக் கோவை இலக்கம் கிடையாது, அதற்குப் பதில் சொல்லும் கடமை எந்த உத்தியோகத்தருக்கும் இல்லை. ஆகவே முதலில் கடிதம், பிறகு பதிவு. "இன்ன திகதியில் தகவல் விண்ணப்பம் கொடுத்தோம், 14 வேலை நாள் இன்ன திகதியோடு முடிகிறது" என்று எழுதினால், ஆத்திரத்தில் எழுதிய பத்து வரியைவிட அது வேலை செய்யும்.

போடும்போது கவனிக்க வேண்டியவை:

கையொப்பத் தாளைப் படமெடுத்துப் போடாதீர்கள். அதில் எல்லோருடைய அடையாள அட்டை இலக்கமும் முகவரியும் இருக்கும். நம்பிக் கையொப்பம் வைத்தவர்களுக்கு நாம் செய்யக்கூடாத காரியம் அது.

கீழ்மட்ட ஊழியரின் முகத்தை நேரலையில் காட்டாதீர்கள். மேசையில் இருக்கும் பிள்ளைக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. அடுத்த தடவை உங்கள் கோவையைத் தேடித் தரவேண்டியவரும் அவர்தான்.

2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளைப் பரப்புவதைக் குற்றமாக்கியிருக்கிறது. "காசடித்துவிட்டார்கள்" என்று எழுதாதீர்கள். கையில் இருக்கிற ஆவணம் சொல்வதை மட்டும் எழுதுங்கள்: ஒதுக்கியது இவ்வளவு, செலவழித்ததாகக் காட்டியது இவ்வளவு, இடத்தின் படம் இது. இன, மத வார்த்தை ஒன்றாவது பின்னூட்டத்தில் வந்தால் உடனே நீக்குங்கள். வடிகான் கதை அந்த நிமிடமே வேறு கதையாகிவிடும்.

குழுவுக்கு இரண்டு நிர்வாகிகள் போதும். ஒருவர் பெண்ணாக இருந்தால் பெண்கள் தயங்காமல் எழுதுவார்கள்.

7. காலத்தைப் பார்த்து இறங்குங்கள்

எங்கள் பக்கம் மாரி ஒக்டோபர் கடைசியில் பிடித்தால் தை வரை போகும். தண்ணீர் நிற்கும்போதுதான் எல்லோருக்கும் வடிகான் நினைவு வருகிறது. ஆனால் சபையின் அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் டிசெம்பர் முடிவதற்குள் நிறைவேற வேண்டும், அதற்கான பட்டியல் அதற்கும் முன்பே உருவாகிவிடும். கார்த்திகை வெள்ளத்தில் கொடுத்த கடிதம் அந்த வருடத்துக்கும் பிந்தி, அடுத்த வருடத்துக்கும் பிந்திவிடுகிறது. வெள்ளத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடிதத்தை ஜூன், ஜூலையில் கொடுங்கள். சோளகக் காற்று அடிக்கிற கோடையில் யாருக்கும் வடிகான் தோன்றாது, அதனாலேயே அப்போது கொடுக்க வேண்டும். ஆகஸ்டில் தகவல் விண்ணப்பம். செப்டெம்பரில் வட்டார உறுப்பினரைச் சந்தித்து, கிடைத்த ஆவணங்களோடு பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பிரதேச சபைச் சட்டத்தின்படி, சபைக்கு ஆலோசனை சொல்லும் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் சேர்க்கலாம். நிதி, வீடமைப்பு, தொழில்நுட்ப சேவை, சுற்றாடல் என்று குழுக்கள் இருக்கும். சங்கத்திலிருந்து ஒருவரின் பெயரைப் பிரேரித்துத் தவிசாளருக்கு எழுதுங்கள். கேட்காதவரை யாரும் கூப்பிடமாட்டார்கள். சபையின் மாதக் கூட்டத்தைப் பார்வையாளராகப் போய்ப் பார்க்கவும் செயலாளரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சபைக்கு அப்பாற்பட்ட விடயம் என்றால் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி பிரதேச செயலாளருக்கு எழுதலாம்.

பெரிய திட்டங்களுக்கு இன்னொரு பிடி இருக்கிறது. உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம், வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே பொறுப்பான அமைச்சர் அதன் விபரத்தைப் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படப் போகிறவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று தகவல் சட்டத்தின் 9 ஆம் பிரிவு சொல்கிறது. கரையோரத்திலும் காணிகளிலும் திடீரென்று வேலி விழுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அந்த விபரத்தை எழுத்தில் கேட்கலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

8. வீதியில் இறங்குவதென்றால்

எல்லாம் செய்தும் அசையவில்லை என்றால் கவனயீர்ப்புப் போராட்டம் இருக்கிறது. பேச்சு, அமைதியான ஒன்றுகூடல், சங்கம் சேர்தல் மூன்றும் அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரையில் உள்ளவை. ஊர்வலம் என்றால் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின்படி குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன் அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவியுங்கள். அந்த அறிவித்தலிலும் உங்கள் பிரதிக்கு முத்திரை வாங்குங்கள். ஒலிபெருக்கிக்கு அனுமதிப் பத்திரம் தனியாக வேண்டும். நீதிமன்றத் தடை ஏதாவது வந்திருக்கிறதா என்று முதல் நாள் விசாரித்துக்கொள்ளுங்கள். கையில் பதாகையோடு கடிதப் பிரதிகளும் இருக்கட்டும். ஊடகத்தார் வந்தால் கொடுக்க அதைவிட நல்லது ஒன்றுமில்லை.

9. வேலை தொடங்கியதும் வீட்டுக்குள் போய்விடாதீர்கள்

ஒதுக்கீடு வந்ததும் மதிப்பீட்டின் பிரதியைத் தகவல் விண்ணப்பத்தில் வாங்குங்கள். அதில் வடிகானின் நீளம், அகலம், ஆழம், கொங்கிரீற் அளவு, மூடி எத்தனை என்றெல்லாம் இருக்கும். ஒழுங்கையில் மேசன் வேலை தெரிந்த ஒருவரிடம் அதைக் கொடுத்து, கொங்கிரீற் போடுகிற நாளில் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். குறை தெரிந்தால் ஒப்பந்தகாரரோடு வாக்குவாதப்படாமல் அன்றே தொழில்நுட்ப உத்தியோகத்தருக்குப் படத்தோடு எழுதுங்கள். ஒப்பந்தகாரருக்குக் கடைசித் தொகை கொடுக்கப்படுவதற்கு முன் அந்தக் கடிதம் சபைக் கோவைக்குள் இருக்க வேண்டும். காசு கொடுத்து முடிந்தபின் உடைந்த மூடியை மாற்ற மறுபடியும் முதலாம் இலக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.